தனி ஆளாக ஒரு கேம்: மனசு கேட்கும் பெரியதா, கைக்கு எட்டும் சின்னதா?

கரைவணிகன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோட் எழுதிப் பிழைக்கிற ஆள்தான், ஆனால் கேம் துறையில் இல்லை. இரவில் வீடு அடங்கியபின் கிடைக்கும் நேரத்தையும் வார இறுதியில் ஒரு அரை நாளையும் சேர்த்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரம் தேறும். கேம் செய்ய உதவும் மென்பொருளான கோடோ எஞ்சினில் பயிற்சிப் பாடங்களைப் பார்த்துச் செய்து பழகியாயிற்று. இனி சொந்தமாக ஒன்று தொடங்க ஆசை. விற்றுச் சம்பாதிக்கும் எண்ணமில்லை. நாலு பேர் விளையாடிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் போதும்.

இரண்டு யோசனைகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று, வணிகச் சாத்தின் தலைவனாக ஊர் ஊராகப் போய் வாங்கி விற்கும் கேம். விலைகள் உண்மையாகவே ஏறி இறங்க வேண்டும். மற்ற வணிகர்களும் அவரவர் போக்கில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். த்ரீடியில் பரந்த பாலைவனம், கொள்ளையர்களோடு சண்டை, இரவு பகல், மணற்புயல், கடைசியில் நண்பர்களும் இணையம் வழியாகச் சேர்ந்துகொள்ளும் மல்டிபிளேயர்.

இன்னொன்று, கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி ஒளிக்கற்றையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும் புதிர். முப்பது லெவல், அவ்வளவுதான்.

இரண்டாவதை முடித்துவிடுவேன் என்று தெரியும். முதலாவதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது. எதை எடுக்கலாம்?

நெய்தல் நிரல்:

சந்தேகமே வேண்டாம், இரண்டாவது.

ஒரு கேம் "ஓடுகிறது" என்ற நிலைக்கு வரும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். மெனு வேண்டும். ஒலியைக் குறைக்க ஓர் இடம் வேண்டும். நடுவில் மூடிவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சாளரத்தைச் சுருக்கினால் எழுத்துகள் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன என்று பார்க்க வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முதன்முறை உட்காருபவருக்கு யாராவது சொல்ல வேண்டும். இதெல்லாம் கண்ணாடிப் புதிரிலும் உண்டு, வணிகச் சாத்திலும் உண்டு. சின்ன கேமில் ஒருமுறை இந்தப் பாதை முழுக்க நடந்து பார்த்துவிட்டால், பெரியதில் எது எங்கே காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏதாவது ஒரு கேம் ஜாமில், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வில், சேர்ந்து பாருங்கள். லூடம் டேர் அப்படி ஒன்று, 2002-இல் தொடங்கியது. அதில் தனி ஆள் பிரிவுக்கு 48 மணி நேரம்தான். கோட், படம், ஒலி எல்லாம் அதற்குள் நீங்களே செய்ய வேண்டும். அந்த நெருக்கடியில் எதை வெட்டலாம் என்ற கணக்கு தானாகப் பிடிபடும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் அல்லவா?

இரவு ஆந்தை:

> சந்தேகமே வேண்டாம்

எனக்கு நிறையவே இருக்கிறது. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம் ஒரே ஆள் செய்ததுதானே? அவரிடம் போய், "தம்பி, முதலில் கண்ணாடிப் புதிர் செய்" என்று யாராவது சொல்லி அவரும் கேட்டிருந்தால்? தூக்கம் போகிற யோசனையை விட்டுவிட்டு, தூக்கம் வருகிற யோசனையைச் செய்யச் சொல்கிறீர்கள்.

பழைய பிக்சல்:

ஸ்டார்டியூ எப்படியும் வரும் என்று காத்திருந்தேன், மூன்றாவது ஆளிடமே வந்துவிட்டது.

எரிக் பரோன் ஏறத்தாழ நாலரை வருடம் உழைத்து 2016 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். நாளுக்குப் பத்து மணி நேரம், வாரம் ஏழு நாளும் என்பதுதான் அவர் உழைத்த கணக்கு. அதாவது வாரத்துக்கு எழுபது மணி நேரம். கரைவணிகனிடம் இருப்பது எட்டு. அதே வேலையை அதே வேகத்தில் இந்த எட்டு மணி நேரத்தில் செய்தால் ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகும். அப்புறம் இன்னொன்று. வெளியானபோது அதில் மல்டிபிளேயர் கிடையாது. 2018-இல்தான் வந்தது, அதன் நெட்வொர்க் பகுதியை எழுதியதும் வெளியீட்டு நிறுவனத்தின் நிரலாளர். ஒற்றை ஆளின் பெயரைச் சொல்லி நாம் எடுத்துக்காட்டும் கேமிலேயே அந்தப் பகுதிக்கு வேறொரு கை வேண்டியிருந்தது.

அதற்காக நெய்தல் சொல்வதையும் முழுசாக ஏற்க மாட்டேன். ஆசையில்லாத சின்ன கேம் முடியும் என்று யார் சொன்னது? ஏழெட்டு லெவல் வரை போகும். அப்புறம் ஒரு இரவு சோம்பலாக இருக்கும், மறுநாளும் இருக்கும், அப்படியே நின்றுவிடும். பெரிய கேம் கைவிடப்பட்டால் ஊருக்கெல்லாம் சொல்லிப் புலம்புகிறோம். சின்னது கைவிடப்பட்டால் நமக்கே அது நினைவிருப்பதில்லை. அதனால்தான் சின்னது எப்போதும் முடிகிறது என்ற தோற்றம்.

நான் பார்த்த வரையில், தனி ஆட்கள் செய்து நிற்கிற பெரிய கேம்களில் ஆசை ஒரே இடத்தில்தான் குவிந்திருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் கஞ்சத்தனம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சகோதரர்கள், கோட் எழுதியது அதில் ஒருவர். 2006-இல் முதல் பதிப்பு வந்தது. ஒரு முழு உலகத்தின் வரலாற்றையும் நிலவியலையும் உருவாக்கித் தரும் கேம், ஆனால் திரையில் வெறும் எழுத்துகளும் குறிகளும்தான். முறையான படங்களோடு அது விற்பனைக்கு வந்தது 2022 டிசம்பரில். லூகாஸ் போப் செய்த ஓப்ரா டின் இன்னொரு விதம். ஒரே ஒரு கப்பல், திரையில் இரண்டே நிறம், அறுபது பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்கும் ஒரே வேலை. அத்தனையும் சுருக்கியபிறகும் லூகாஸ் போப்புக்கு அது 2018 வரை இழுத்தது.

ஆகவே கேள்வியை மாற்றுகிறேன். கரைவணிகன், உங்கள் முதல் யோசனையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எதை அடிக்கும்போது "அப்படியானால் இந்த கேமே வேண்டாம்" என்று தோன்றுகிறது?

வாள்முனை:

அடிக்க வேண்டிய முதல் சொல் மல்டிபிளேயர்.

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன், அதனால் சொல்கிறேன். சந்தையில் கடைசியாக ஒரு உப்பு மூட்டை இருக்கிறது. நீங்கள் வாங்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள். அதே நொடியில் உங்கள் நண்பரும் அழுத்துகிறார். உங்கள் கணினியில் மூட்டை உங்களுடையது, அவர் கணினியில் அவருடையது. யார் சொல்வது உண்மை? சரி, ஒரு கணினியை நடுவராக வைக்கலாம். அப்படியானால் நடுவர் பதில் சொல்லும்வரை மற்றவர் திரையில் என்ன காட்டுவது? மூட்டையை ஏற்றிவிட்டதாகக் காட்டிவிட்டுப் பிறகு பிடுங்குவதா? நடுவராக இருக்கும் கணினியின் இணைப்பு அறுந்தால் மற்ற வணிகர்களெல்லாம் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்வி கேமில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு செயலுக்கும் உண்டு. "முதலில் ஒருவர் விளையாடும்படி செய்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம்" என்றால், அப்புறம் என்பது பெரும்பாலும் திரும்ப எழுதுவது என்றுதான் அர்த்தம். வாரத்துக்கு எட்டு மணி நேரக்காரருக்கு இது ஆகாது. நண்பர்களோடு விளையாட வேண்டுமானால் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து மாறி மாறி ஆடும்படி செய்யுங்கள்.

தூரிகை:

நான் படம் வரைபவள், கோட் தெரியாது. த்ரீடி பற்றி ஒன்று.

ஒட்டகம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருவத்தைச் செதுக்க வேண்டும், மேலே தோல் நிறம் போர்த்த வேண்டும், உள்ளே எலும்புக்கூடு மாட்டி மூட்டுக்கு மூட்டு சரிபார்க்க வேண்டும். பிறகு அது நடக்க வேண்டும், நிற்க வேண்டும், மடங்கி உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும். ஒட்டகம் எழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னங்கால் முதலில் நிமிரும், உடம்பு முன்பக்கமாகச் சரியும், அப்புறம்தான் முன்னங்கால். அதில் சுமை வேறு கட்டியிருக்கும். சுமை உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வராமல் பார்க்க வேண்டும். பழகிய ஆளுக்கே இது பல வார வேலை, அதுவும் ஒரே ஒரு விலங்குக்கு.

அதே ஒட்டகம் வரைபடத்தின்மேல் நகரும் விரல்நகம் அளவுப் படமாக இருந்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம். விளையாடுபவர் மனசில் அது ஒட்டகமாகத்தான் நடக்கும்.

இரவு ஆந்தை:

எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரின் பாலைவனத்தையே பிடுங்கிவிட்டீர்கள்.

கரைவணிகன்:

இல்லை, நல்லதுதான் செய்தார்கள். பழைய பிக்சல் சொன்னபடி அடித்துப் பார்த்தேன். மல்டிபிளேயர் போனபோது ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். சண்டையை அடித்தபோது நிம்மதியாகவே இருந்தது. அது எல்லா கேமிலும் இருக்கிறதே என்றுதான் சேர்த்திருந்தேன் போலிருக்கிறது. த்ரீடியை அடிக்கக் கொஞ்சம் கை தயங்கியது.

விலையை அடிக்க முடியவில்லை. தூரத்து ஊரில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு, இருப்பதையெல்லாம் போட்டு வாங்கிக் கிளம்பி, போய்ச் சேரும்போது அங்கே ஏற்கனவே நாலு பேர் இறக்கிவிட்டுப் போயிருப்பது. அந்த ஒரு தருணத்துக்காகத்தான் எனக்கு இந்த கேமே வேண்டும்.

பழைய பிக்சல்:

அப்படியானால் அதை மட்டும் செய்யுங்கள், அதுவும் முதலில் படமே இல்லாமல்.

ஆறு ஊர், மூன்று சரக்கு, பத்து வணிகர்கள். திரையில் வெறும் எழுத்தும் எண்ணும். ஒரு விசையை அழுத்தினால் ஒரு நாள் கழியும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சரக்கும் நாளுக்கு இத்தனை செலவாகிறது, இத்தனை விளைகிறது, கையிருப்பு குறைந்தால் விலை ஏறும், கூடினால் இறங்கும். எஞ்சின்கூட வேண்டாம், உங்களுக்குப் பழக்கமான மொழியிலேயே எழுதலாம். மெனு, சேவ் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

இதில் உங்கள் "போய்ச் சேரும் தருணம்" வருகிறதா என்று பாருங்கள். எழுத்துத் திரையில் வராத பதற்றம் த்ரீடி பாலைவனத்திலும் வராது. அழகாக இருக்கும், அவ்வளவே. வரவில்லையென்றால் இழப்பு சில இரவுகள்தான், கண்ணாடிப் புதிர் அங்கேயே காத்திருக்கும்.

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தலைப்புத் திரை, பாத்திரத்தின் நடை, புல் அசைவது எல்லாம் முதலில். கேமின் உயிர் எதில் இருக்கிறதோ அது கடைசியில். காரணம் எளிது, முன்னதெல்லாம் எப்படிச் செய்வது என்று பாடங்கள் இருக்கின்றன. உங்கள் விலைக்குப் பாடம் கிடையாது.

நெய்தல் நிரல்:

இதற்கு நான் கட்சி மாறத் தயார். இதுவும் சின்ன கேம்தான், பெரிய கேமின் வயிற்றுக்குள் இருக்கிறது.

செலஸ்ட் தெரியுமா? பிக்கோ-8-இல் இரண்டு பேர் நாலே நாளில் செய்த ஒரு சின்ன கேமிலிருந்து வளர்ந்தது அது. பிக்கோ-8 என்பது சின்ன கேம்கள் செய்வதற்கான மென்பொருள், அதில் திரை 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், கோட் அளவுக்கும் உச்சவரம்பு. ஒரு அகலக்கால் வைக்க நினைத்தாலும் வைக்க இடம் இருக்காது. மலை ஏறுவது, காற்றில் ஒருமுறை பாய்வது இரண்டும் அதிலேயே வந்துவிட்டன. முழு கேம் 2018-இல் வந்தது, அதற்குள் ஆட்களும் கூடிவிட்டார்கள்.

இரவு ஆந்தை:

என்னை வில்லன் ஆக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் முடிக்க வேண்டும்?

நான் ஒரு கேமைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சொந்த எஞ்சின், சொந்த மேப் எடிட்டர், தண்ணீர் ஓடும் கணக்குக்காக மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. அது என்றைக்கும் வெளிவராது என்று எனக்கே தெரியும். ஆனால் வேலை முடிந்து வந்து அதைத் திறந்தால் எனக்கு மூச்சு வருகிறது. அதற்குக் கெடு வைத்து, அளவைக் குறைத்து, பட்டியல் போட்டு, இன்னொரு அலுவலகமாக ஆக்க எனக்கு விருப்பமில்லை. வீணை பழகுகிறவரிடம் எப்போது கச்சேரி என்று எல்லோரும் கேட்பதில்லையே.

பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு, பேச்செல்லாம் தொழிற்சாலைப் பேச்சாக இருக்கிறது.

பழைய பிக்சல்:

இது நியாயமான பேச்சு. உங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். போன தடவை நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான்.

ஆனால் கரைவணிகன் முதல் பதிவிலேயே "நாலு பேர் விளையாடிப் பார்த்து" என்று எழுதியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியது கட்டுகிற சுகம். அவருக்கு வேண்டியது யாரோ ஒருவர் உப்பு மூட்டையோடு ஏமாந்து நிற்பதைப் பார்க்கும் சுகம். இரண்டுக்கும் திட்டம் ஒன்றாக இருக்க முடியாது. தனக்கு எது வேண்டும் என்று தெரியாமல் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் பாவம். மனசு எஞ்சின் கட்டுகிறது, வாய் "அடுத்த வருடம் வெளியீடு" என்கிறது.

தூரிகை:

அந்தத் தண்ணீர்ப் படம் எங்கே? நான் பார்க்கவில்லையே.

கரைவணிகன்:

சில வாரம் கழித்து வருகிறேன். எழுத்துத் திரை ஓடுகிறது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்.

பத்து வணிகர்களுக்கும் ஒரே விதி கொடுத்திருந்தேன்: எந்த ஊரில் லாபம் அதிகமோ அங்கே போ. மூன்றாம் நாள் ஏதோ ஒரு ஊரில் உப்பு விலை ஏறியது. பத்துப் பேரும் அன்றைக்கே அந்த ஊரை நோக்கித் திரும்பினார்கள். முதல் இருவர் போய்ச் சேர்ந்து இறக்கியதும் விலை தரைக்கு வந்தது. மீதி எட்டுப் பேர் பாதி வழியில் இருந்தவர்கள், அப்படியே திரும்பி அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அங்கேயும் அதே கதை. நூறு நாள் ஓட்டிப் பார்த்தால் எட்டுப் பேர் சரக்கை இறக்காமலேயே பாலைவனத்தில் அலைந்துகொண்டிருக்கிறார்கள். ஊர்களில் உப்பில்லை. வணிகர்களிடம் விற்க இடமில்லை.

விலை ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கிப் பார்த்தேன். அலைவது குறைகிறது, ஆனால் விறுவிறுப்பும் போய்விடுகிறது.

வாள்முனை:

உங்கள் வணிகர்கள் எல்லோருக்கும் எல்லா ஊர் விலையும் அந்தந்த நொடியே தெரிகிறது. பாலைவனத்தில் அது எப்படித் தெரியும்? விலையைத் தொடாதீர்கள், அவர்கள் அறிவைக் குறையுங்கள். ஒவ்வொரு வணிகரும் தான் கடைசியாகப் போனபோது பார்த்த விலையை மட்டும் வைத்திருக்கட்டும். இரண்டு பேர் ஒரே ஊரில் சந்தித்தால் யாரிடம் புதிய செய்தி இருக்கிறதோ அதை மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். பத்து ஆளுக்கு ஆறு ஊர் மூன்று சரக்கு என்றால் நினைவில் வைக்க வேண்டியது 180 விலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் எண். கணினிக்கு அது ஒரு பாரமே இல்லை.

பழைய பிக்சல்:

அப்புறம் விளையாடுபவருக்கும் அதே விதிதான். அவருக்கும் பழைய செய்திதான் கிடைக்க வேண்டும்.

கரைவணிகன்:

செய்தேன். கூட்டமாக ஓடுவது நின்றுவிட்டது. அதைவிட முக்கியம், நான் தேடிய அந்தத் தருணம் தானாக வந்துவிட்டது. நான் தனியாக எதுவும் எழுதவில்லை. நேற்று ஒன்பது நாள் பழைய செய்தியை நம்பித் துணி ஏற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் விலை பாதி. என் கேமிலேயே நான் ஏமாந்தேன், சந்தோஷமாக இருந்தது.

இப்போது தோன்றுவது: சில வணிகர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னால்? நம்பிக்கை அளவு, பகை, ஊர்களுக்கு இடையே போர், போரால் வழி அடைபடுவது...

நெய்தல் நிரல்:

பொய் மட்டும் நல்லது. மீதியை ஒரு குறிப்பேட்டில் எழுதி மூடி வையுங்கள். எழுதிவிட்டால் மனசு அடங்கும், தொலைந்துபோகுமோ என்ற பயம் இருக்காது.

வாள்முனை:

இன்னொரு சின்ன விஷயம், இப்போதே செய்தால் சுலபம். தற்செயல் எண்கள் எல்லாம் ஒரே விதையிலிருந்து, அதாவது ஒரே தொடக்க எண்ணிலிருந்து, வரட்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த விதை எண்ணைத் திரையின் மூலையில் காட்டுங்கள். யாராவது "நாற்பதாம் நாள் விலை மைனஸில் போகிறது" என்றால், அந்த எண்ணை வாங்கி அவர் செய்தவற்றையே வரிசையாகத் திரும்பச் செய்தால் அதே பக், அதாவது நிரல் பிழை, உங்கள் கணினியிலும் வரும். இல்லையென்றால் காற்றில் தேட வேண்டியதுதான். சேவ் வசதியையும் பொய்க்கு முன்னால் செய்துவிடுங்கள். புதிதாக ஒன்று சேர்க்கும்போதெல்லாம் அதுவும் சேமிக்கப்படுகிறதா என்று உடனே பார்த்துவிடலாம்.

கரைவணிகன்:

சரி, இப்படி முடிவு செய்கிறேன். ஒரே திரையில் அடங்கும் வரைபடம், ஆறே ஊர். சண்டை இல்லை, த்ரீடி இல்லை. நூறு நாள் முடிந்தால் ஆட்டம் முடியும், கையிருப்புதான் மதிப்பெண். பொய் சொல்லும் வணிகர் உண்டு. மற்றதெல்லாம் குறிப்பேட்டில். சேவ் முடிந்ததும் கோடோவுக்கு மாற்றுகிறேன். எழுத்துத் திரைப் பதிப்பை இங்கே இணைத்திருக்கிறேன், யாருக்காவது பொறுமை இருந்தால் ஓட்டிப் பாருங்கள்.

தூரிகை:

ஓட்டினேன். இருபது நாளுக்குள் திவால்.

ஆனால் ஒரு குழப்பம். ஊருக்குப் போனதும் விலை வேறாக இருந்ததும் அது பக் என்று நினைத்தேன். பழைய செய்தி என்று எனக்குத் தெரியவே இல்லை. விலைக்குப் பக்கத்திலேயே அது எத்தனை நாளுக்கு முந்தையது, யார் சொன்னது என்று காட்ட முடியுமா? பழசாக ஆக எழுத்து மங்கிக்கொண்டே போனாலும் போதும். கோடோவுக்கு வரும்போது சொல்லுங்கள், ஒட்டகம் நான் வரைந்து தருகிறேன், விரல்நகம் அளவுதான்.

கரைவணிகன்:

மங்கும் எழுத்து, கண்டிப்பாக. இன்று இரவே சேர்க்கிறேன். ஒட்டகம் இடப்பக்கம் பார்த்தபடி ஒன்று போதும், வலப்பக்கத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

இரவு ஆந்தை:

நானும் ஓட்டினேன். எனக்கு 43-ஆம் நாளில் எல்லா ஊரிலும் துணி தீர்ந்துவிட்டது. விதை எண் 7718. பாருங்கள்.